வாய்க்கால் கரையில் ஒரு துறை

கிழக்கிலங்கையில், அம்பாறையைத் தாண்டிச் சம்மாந்துறைக்குப் போகும் வழியில் பஸ் படுத்துவிட்டது. டிரைவர் இறங்கினார், எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், சிகரெட் பற்றவைத்தார். அவ்வளவுதான், எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டை முடிச்சுகளை இறக்கி மர நிழலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கண்டக்டரைச் சூழ்ந்திருப்போம்.

இறங்குவது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதி, போர்க்காலம். காலையிலிருந்தே ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறியிருந்தோம். என் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கண்டதும் ஒரு சிப்பாய் இன்னொருவனைக் கூப்பிடுவான், அவன் மூன்றாமவனைக் கூப்பிடுவான். ஓரிடத்தில் சிங்களத்தில் என்னவோ கேட்டார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் சொன்னார்: “இவ்வளவு தூரம் வந்து பாக்க இங்க என்ன இரிக்கி எண்டு கேக்கான்.”

“வாய்க்கால் பார்க்க வந்திருக்கேன்னு சொல்லுங்க,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்; சிநேகிதி தன் வாய்க்காலைக் காட்டத்தான் கூப்பிட்டிருந்தாள். அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. “சிநேகிதி வீட்டுக்கு” என்று சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டார்.

மர நிழலில் எனக்குப் பக்கத்தில் மடியில் தயிர்ச் சட்டியோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எருமைத் தயிர், மேலே வாழையிலை கட்டியிருந்தது. நான் யார், எவர், எத்தனை பிள்ளை என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “ஆரு அந்தச் சிநேகிதி?” என்றார். கல்லூரியில் எஞ்சினியரிங் சொல்லிக்கொடுக்கும் பௌசியா என்றேன்.

“ஆ, தண்ணி மிஸ்!” என்று சிரித்தார். “எங்கட வட்டைக்குள்ளயும் வந்து தகரத்த நட்டுத் தண்ணிய அளந்தவ. இவக்கு வேற வேல இல்லியா எண்டு நாங்க கதைச்சம்.” அந்தப் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்கிறார்கள்.

பிறகு நெல் மூட்டை ஏற்றிவந்த ஒரு டிராக்டர் எங்களில் சிலரை ஏற்றிக்கொண்டது. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று முகத்தில் அடுப்பு ஊதுவதுபோல அடித்தது. கல்முனைக்குள் நுழையும்போது என் தலைமுடியில் பாதி வைக்கோல். பஸ் டிப்போவுக்கு எதிரில் என்னை அடையாளம் கண்டு ஓடிவந்த பௌசியா கட்டிப்பிடிப்பதற்கு முன் என் தலையிலிருந்து ஒரு வைக்கோலை உருவிப்போட்டாள்.

நாங்கள் இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் ஒன்றாக ஆராய்ச்சிப் படிப்பு படித்தவர்கள். நீரியல் ஆய்வகத்தில் இரண்டே பெண்கள். பெண்கள் கழிப்பறைக்கு இரண்டு மாடி ஏற வேண்டும். அவள் முக்காட்டோடு ஏறுவாள், நான் எண்ணெய் வைத்த பின்னலோடு ஏறுவேன். படிப்பு முடிந்து அவள் கல்முனைக்குத் திரும்பினாள், நான் தமிழ்நாட்டுக்குத் திரும்பினேன். எங்கள் கல்லூரியின் சிவில் துறையில் நான்தான் முதல் பட்டியல் சாதிப் பெண் விரிவுரையாளர். ‘கோட்டா மேடம்’ என்பது முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர். சிலர் முகத்துக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள். துறைக் கூட்டத்தில் எனக்கு விழுவது எப்போதும் வரவேற்புக் குழு, கோலக் குழு. ஆய்வகத்தின் சாவி ஒருநாளும் விழுந்ததில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம், மீனாணம், மாசிச் சம்பல். ஆணம் என்றால் குழம்பு. பௌசியாவின் கணவர் கலீல் கல்முனை பஸாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். வீடு பௌசியாவுடையது. அந்தக் கடற்கரைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். “எங்க ஊர்ல இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க,” என்றேன். “நம்பாட்டி இங்க வரச் சொல்லுங்க மிஸ், நான் சாட்சி,” என்றார் கலீல், இன்னும் இரண்டு இடியப்பத்தை என் தட்டில் தள்ளிக்கொண்டே.

சாப்பிட்ட பிறகுதான் பௌசியா விஷயத்தைச் சொன்னாள். அவள் வேலை செய்யும் கல்லூரி புதிது. பெயர் வேண்டாம். அதில் நீரியல் துறை என்றால் பௌசியா மட்டும்தான். ஆய்வகம் கிடையாது, கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டாள். இப்போது கொழும்பிலிருந்து ஒரு குழு வருகிறது. துறையை வைப்பதா மூடுவதா, பௌசியாவின் வேலையை நிரந்தரமாக்குவதா என்று அந்தக் குழு முடிவு செய்யும். வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்துக்கொள்ளலாம் என்று விதியில் இருந்ததாம். அந்த நிபுணராக அவள் என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

“என்னையா? இந்தியாவிலயே யாரும் என்னை நிபுணர்னு கூப்பிட்டதில்லடி.”

“அதான் நான் கூப்பிட்டன்,” என்றாள்.

மறுநாள் காலை கலீலின் கடை வேனில் புறப்பட்டோம். முன்சீட்டில் பௌசியாவும் டிரைவரும். பின்னால் பி.வி.சி. குழாய்களுக்கும் பெயின்ட் வாளிகளுக்கும் நடுவில் நானும் யோகராணியும். யோகராணி காரைதீவுப் பெண், பௌசியாவின் கல்லூரியில் முதல் தொகுதி மாணவியாகப் படித்துப் பட்டம் வாங்கி, அங்கேயே தற்காலிகமாகச் செய்முறை சொல்லிக்கொடுக்கிறாள். ஒடிசலான உடம்பு, நெற்றியில் திருநீறு. வேன் குலுங்கும்போதெல்லாம் என் பக்கம் சரிகிற குழாயைக் காலால் தடுத்துக்கொண்டே வந்தாள். அதற்காக நான் நன்றி சொன்னபோது, “இல்ல மிஸ், இது உடைஞ்சா எங்களுக்கு வேற இல்ல,” என்றாள்.

வரிப்பத்தான்சேனையில் இறங்கினோம். சின்னப்போகத்து நெல் முழங்கால் உயரம் நின்றது. குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு இரும்புத் தகடு, கல்முனையில் வெல்டிங் கடையில் செய்தது. அதன் நடுவே முக்கோணமாக ஒரு வெட்டு. வெட்டின் வழியாக வழியும் நீரின் உயரத்தை அளந்தால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்லிவிடலாம். கண்ணாடிச் சுவர் வைத்த தொட்டியில் நாங்கள் இங்கிலாந்தில் செய்ததுதான். இங்கே தொட்டிக்குப் பதில் வாய்க்கால், கண்ணாடிக்குப் பதில் சேறு. கரையில் பெயின்ட் அடித்த பலகையில் எழுதியிருந்தது: ‘நீரியல் ஆய்வுகூடம்’. கீழே சின்னதாக, ‘மாடு கட்டக்கூடாது’.

மாணவர்கள் முழங்காலளவு தண்ணீரில் நின்றார்கள். பெண்பிள்ளைகள் பர்தாவின் கீழ் விளிம்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு அளவுகோல் பிடித்தார்கள். பௌசியா கரையில் நின்று கத்தினாள், “மேல பாக்காத, தண்ணியப் பாரு! தண்ணிதான் கதைக்கும்!” எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எங்கள் கல்லூரியில் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதன்மேல் பழைய விடைத்தாள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மதியம் வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல். மாட்டிறைச்சிக் கறி எனக்கும் மாணவர்களுக்கும், யோகராணிக்கு மட்டும் மரக்கறி. பௌசியாவே அதைத் தனியாக அடையாளம் போட்டுக் கட்டியிருந்தாள். “நீங்க சாப்பிடுவீங்களா மிஸ்?” என்று ஒரு மாணவன் தயங்கிக் கேட்டான். எங்கள் ஊரில் இதற்காகத்தான் எங்கள் தெருவை ஒதுக்கினார்கள் தம்பி, எடு இப்படி, என்றேன். அவனுக்குப் புரிந்ததோ என்னவோ, இன்னொரு துண்டு வைத்தான்.

மாலை திரும்பியபோது செய்தி காத்திருந்தது. குழு அம்பாறைக்கு வந்து தங்கிவிட்டது. கடற்கரைப் பக்கம் பாதுகாப்பில்லையாம், கல்லூரிக்கு வரமாட்டார்களாம். பௌசியாவை நாளைக் காலை அம்பாறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

“போயிட்டு வா,” என்றார் கலீல். “வேலய எடுத்துப்போட்டாங்க எண்டா மறுகா அழுது வேலயில்ல.”

“நான் போய் என்னத்தக் காட்டுற மச்சான்? கையையா? ஆய்வுகூடம் இல்லையெண்டு எழுதிப்போட்டுப் போயிருவாங்க. அவங்களுக்கு அதுதானே வேணும்?”

கலீல் பால் விடாத பிளேன்டீயை உறிஞ்சினார். பௌசியா எழுந்து போய்த் தொலைபேசியைச் சுழற்றினாள். அவள் ஆங்கிலத்தில் பேசியது எனக்கு முழுதாக நினைவிருக்கிறது: “சேர், என் ஆய்வுகூடம் வரிப்பத்தான்சேனையில் இருக்கிறது. அது உங்களுக்கும் எனக்கும் பாதி வழி. நான் என் பாதியை வருகிறேன். நீங்கள் உங்கள் பாதியை வாருங்கள்.” வைத்த பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கூடிப்போச்சா?” என்றாள். “இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கலாம்,” என்றேன்.

வந்தார்கள். மறுநாள் காலை ஒரு ஜீப்பில் மூன்று பேர், இன்னொன்றில் துப்பாக்கியோடு காவலர்கள். பளபளக்கும் ஷூவோடு தலைவர் வரப்பில் நின்றார். அவர் பெயரை எழுதப்போவதில்லை, என் கட்டுரையில் அவருக்குப் பெயர் எதற்கு? கூட வந்தவரிடம் அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னதை யோகராணி என் காதில் மொழிபெயர்த்தாள்: “இதுக்கா என்னைக் காலையில எழுப்பினீங்க எண்டு கேக்கிறார்.”

பௌசியா வாய்க்காலில் இறங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றி, முக்காட்டை இறுக்கிக்கொண்டு, விளக்கிக்கொண்டே போனாள். குழுவில் இளையவரான ஒருவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தானும் இறங்கினார். தகட்டின் ஓரத்தில் தண்ணீர் கசிவதைக் காட்டி, அதைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேட்டார். நல்ல கேள்வி. யோகராணி பதில் சொன்னாள். இரண்டு போகமாக அந்தக் கசிவைத் தனியாக அளந்துவந்தவள் அவள்தான். அவர் மேலும் மேலும் கேட்டார், அவள் மேலும் மேலும் சொன்னாள். அவர் கரையேறும்போது முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு தலைவர் பேசினார். மோசமாகப் பேசவில்லை, அதுதான் கொடுமை. நல்ல வேலை, பாராட்டுகிறேன், ஆனால் இவ்வளவு திறமை இந்தச் சேற்றில் வீணாகிறதே, என்றார். கொழும்புக்கு வந்துவிடுங்கள். முறையான ஆய்வகம் உண்டு, தங்குவதற்கு வீடு உண்டு, நிரந்தரப் பதவியும் உண்டு. உங்களைப்போல ஒருவர் எங்களிடம் இருப்பது எங்களுக்கும் பெருமை. இங்கே துறையை மூடிவிடலாம்.

எனக்கு அந்தக் குரல் தெரியும். எங்கள் கல்லூரியிலும் என்னை அப்படித்தான் விருந்தினர்களுக்கு அறிமுகப்படுத்துவார்கள். உங்களைப்போல ஒருவர். ஒருவர் போதும் அவர்களுக்கு.

பௌசியா தண்ணீரிலிருந்து ஏறவில்லை. அங்கேயே நின்று சொன்னாள்: “சேர், நான் அங்க வந்தா உங்களுக்கு ஒரு ஆள் கூடும். இங்க ஒரு துறை இல்லாமப் போகும். இந்தப் பிள்ளைகள் ஆரிட்டப் படிக்கிற?” கோபத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள், கடைசியில் ஒன்றையும் சேர்த்தாள்: “எனக்கு இடமாற்றம் வேண்டாம். எனக்கு இன்னொரு ஆள் தாருங்கள்.”

ஒரே ஆளை வைத்துத் துறை நடத்த விதியில் இடமில்லை என்றார் தலைவர். மேற்பட்டம் பெற்ற இரண்டாவது விரிவுரையாளர் வேண்டும்.

“இதோ நிற்கிறாள்,” என்று யோகராணியைக் காட்டினாள்.

“இவருக்கு மேற்பட்டம் இல்லையே.”

“வாங்குவாள்.”

“எங்கே? இந்த வருடம் எங்களிடம் இடமில்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப உதவித்தொகை இல்லை. யார் எடுப்பார்கள்?”

“நான் எடுக்கிறேன்,” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். துறைத்தலைவரைக் கேட்காமல், கல்லூரியைக் கேட்காமல், சொல்லியேவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சேற்றுக்காலோடு நின்ற இளையவர், “அப்படியென்றால் விதி நிறைவேறுகிறது, சேர்,” என்றார் தலைவரிடம், மிகவும் பணிவாக. யோகராணி மேற்பட்டத்தோடு திரும்பும்வரை துறையை மூடுவதில்லை என்று முடிவாயிற்று. பௌசியாவின் நிரந்தரமும் அதுவரை தள்ளிப்போயிற்று. அவர்கள் போன பிறகுதான் அவள் வாய்க்காலிலிருந்து ஏறினாள். கால் விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன.

எல்லோருக்கும் இது மகிழ்ச்சி இல்லை. அன்று மாலை கலீலின் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் நாங்கள் கேட்கவே சொன்னார், “நம்மட பிள்ளைகள் இரிக்கக்குள்ள மிஸ் என்னத்துக்குத் தமிழ்ப் புள்ளயத் தெரிஞ்செடுத்த?” அங்கே முஸ்லிம்கள் தமிழ் பேசினாலும் தனிச் சமூகம், தமிழர் என்றால் வேறு. முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவள் அவள், அடுத்தது நம்முடைய பிள்ளை ஒருத்திதான் வரப்போகிறாள், அவளையும் அனுப்புவேன், அப்போது காரைதீவில் இதே கேள்வியைக் கேட்பார்கள், அவர்களுக்கும் இதே பதில்தான் என்றாள் பௌசியா. கலீல் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு அன்று தேத்தண்ணி வரவில்லை.

மறுநாள் காரைதீவில் யோகராணி வீட்டுக்குப் போனோம். தகப்பனார் நெல் விவசாயி. பிட்டும் தயிரும் வாழைப்பழமும் வைத்தார்கள். அவர் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க இந்தியாவில எங்கட ஆக்களப் பிடிச்சு அடைக்கிறாங்களாமே, தங்கச்சி?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “சந்தேகப்படறாங்கண்ணே. வீடு கொடுக்க மாட்டாங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதியணும். நான் கூடப் போவேன். என் வீட்டிலதான் இருப்பா.”

அவர் பௌசியாவைப் பார்த்தார். “கலவரத்துக்குப் பிறகு உங்கட கல்முனைக்குடிப் பக்கம் நான் போறயில்ல, மிஸ். உங்களுக்கும் தெரியும், ரெண்டு பக்கமும் ஆக்கள் செத்தவை. எண்டாலும் உங்கள நம்பித்தான் பிள்ளைய விட்டன்.” சிறிது நேரம் பிட்டைப் பிசைந்தார். “இவவையும் நம்புறன். ஓம், போகட்டும்.” உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றிருந்த யோகராணி தாயைக் கட்டிக்கொண்டு அழும் சத்தம் கேட்டது.

ஊர் திரும்பி என் துறைத்தலைவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். “சிலோன் பொண்ணா? போலீஸ் வரும்மா. உனக்கு இங்க இருக்கிறதே கோட்டாவுல கிடைச்ச இடம். அதை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?”

“இல்லைங்க சார்,” என்றேன். “சும்மா இருக்க நான் வரல. அந்தக் கண்ணாடித் தொட்டி மேல இருக்கிற விடைத்தாளையும் எடுக்கச் சொல்லுங்க. ஆராய்ச்சி மாணவி வர்றா, ஆய்வகச் சாவி எனக்கு வேணும்.” பதினைந்து வருடச் சர்வீஸில் அவரிடம் நான் குரல் உயர்த்திய முதல் நாள் அது. சாவி உடனே வரவில்லை. முதல்வரிடம் போனேன், அதற்கும் மேலே போனேன், வந்தது.

யோகராணி வந்தாள். விடுதியில் இடம் மறுத்தார்கள், சொன்னபடியே என் வீட்டில் தங்கினாள். தெருவில் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மாதந்தோறும் காவல் நிலையத்துக்கு நானும் அவளும் போவோம். ஒரு தடவை எழுத்தர் எங்களை மதியம்வரை நிற்கவைத்தார். அவள் பையிலிருந்து கணக்கை எடுத்து, நின்றபடியே போட ஆரம்பித்தாள். நானும் எட்டிப் பார்த்துத் திருத்தினேன். அந்தப் பக்கம் போன ஒரு பெண் போலீஸ், “உட்காந்து படிங்கம்மா,” என்று பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்து படித்தோம்.

பட்டம் வாங்கினாள், திரும்பிப் போனாள். துறை நிற்கிறது. பௌசியாவின் நிரந்தரம் இன்னும் இழுத்தடித்துத்தான் வந்தது. அதற்காக அவள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை, நானும் சொல்லவிடவில்லை.

ஒருநாள் மாலை தொலைபேசி அடித்தது. வரிப்பத்தான்சேனைக் கடையொன்றிலிருந்து பௌசியா. பின்னால் காற்று இரைந்தது.

“மலர், இண்டைக்கு எனக்கும் யோகாவுக்கும் பெரிய சண்ட!”

பதறிப்போனேன். “என்னாச்சு?”

“என்ட கணக்குப் பிழையாம். வாய்க்கால் அடியில மணல் சேர்ந்தா அந்தக் கணக்குச் செல்லாதாம். பிள்ளைகளுக்கு முன்னுக்கே சொல்லிப்போட்டாள்!”

“யார் சொல்றது சரி?”

“அவள் சொல்றதுதான் சரி போல இரிக்கி,” என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. “ஆனா நான் இன்னும் ஒத்துக்கொள்ளல்ல. நாளைக்கும் இரிக்கி சண்ட.”

அதற்குள் தூரத்திலிருந்து யோகராணியின் குரல் கேட்டது: “மிஸ், போன வைங்க! தண்ணி திறந்துட்டாங்க!”

பௌசியா வைத்துவிட்டாள்.